மண் தந்த மல்லர்

நுழையும்முன்

உடலை மூலதனமாகக் கொண்டு வாழ்பவர் விளையாட்டு வீரர். அந்த உடலே ஒருநாள் ஒத்துழைக்க மறுத்தால் அவர் என்ன செய்வார்? புகழின் உச்சியில் நிற்கும்போது ஊரே தோளில் தூக்குகிறது. காயம்பட்டு அமர்ந்தபின் எத்தனை பேர் அவரைத் தேடி வருகிறார்கள்? விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவரின் வாழ்க்கை இவ்வினாக்களை நம்முன் வைக்கிறது.

நடுகல் நாட்டிலிருந்து ஒரு பார்வை

தருமபுரி மாவட்டம் பண்டைக் காலத்தில் தகடூர் நாடு என வழங்கப்பெற்றது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட நிலம் அது. அம்மாவட்டத்தின் சிற்றூர்களில் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்களைக் காணலாம். ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனுக்கும், ஊரைக் காக்கப் புலியோடு பொருது வீழ்ந்தவனுக்கும் ஊரார் எடுத்த கற்கள் அவை. வீரன் பெயரைக் கல்லில் பொறித்து, அவன் உருவத்தைச் செதுக்கி, வழிபட்டு நினைவில் நிறுத்திய மரபு நம்முடையது. அதியமானுக்கு எடுத்த நடுகல்லைக் கண்டு கலங்கி ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது.

மற்போரும் தமிழர்க்குப் புதிதன்று. ஆமூர் மல்லனோடு பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்றே புகழப்பெற்றான். மல்லர் ஆடிய மண்ணையும் மாண்டவரை நினைத்த கல்லையும் ஒருசேரப் போற்றிய மரபில் வந்த நாம், நம் காலத்து மல்லர் ஒருவரை எவ்வாறு போற்றினோம் என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அவர் பெயர் காஷாபா தாதாசாகேப் ஜாதவ்.

கோலேஷ்வர் கொடுத்த உடல்

மகாராட்டிர மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில் கராடு நகரை அடுத்துள்ளது கோலேஷ்வர் என்னும் சிற்றூர். அவ்வூரில் 1926ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஜாதவ் பிறந்தார். தந்தை தாதாசாகேப் மற்போரில் தேர்ந்தவர். ஐந்து ஆண்மக்களுள் இளையவரான காஷாபாவுக்கு நடை பழகிய வயதிலேயே தந்தை மற்போரையும் பழக்கினார். வீட்டில் பேச்சு மற்போரைப் பற்றியதாகவே இருந்தது. விளையாட்டும் அதுவாகவே அமைந்தது.

அப்பகுதியில் மற்போருக்கு அரசர் ஆதரவும் மக்கள் ஆதரவும் ஒருங்கே இருந்தன. கோலாப்பூரை ஆண்ட சாகு மகாராசர் மல்லர்களைப் பேணியவர். மற்போருக்கென்றே காசுபாக் என்னும் பெரிய அரங்கை எழுப்பியவர். திருவிழா நாள்களில் சிற்றூர்தோறும் மற்போர் நடைபெறும். உழவர்கள் நெடுந்தொலைவு நடந்து வந்து காண்பார்கள். மென்மையாகக் குழைத்துப் பதப்படுத்திய செம்மண்ணே களம். அதில் எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலப்பார்கள். விழுந்தவர் உடலில் சிராய்ப்பு குறையவும், பட்ட காயம் புண்ணாகாமல் இருக்கவும் அக்கலவை உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை.

காஷாபா பருத்த உடலினர் அல்லர். உயரமும் குறைவு. ஆயினும் விரைவும் பிடியின் உறுதியும் அவருக்கு வாய்த்திருந்தன. எதிராளியின் கழுத்தைக் கையால் வளைத்து, இடுப்பைத் திருப்பி, அவரை நிலத்தில் சாய்க்கும் உத்தியில் அவர் தனித்திறன் பெற்றார். கராடு திலகர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்திலேயே சுற்றுவட்டாரத்தில் அவர் பெயர் பரவியது.

அது விடுதலைப் போராட்டம் தீவிரமாக நடந்த காலம். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தபோது சாத்தாரா மாவட்டம் கொந்தளித்தது. தலைமறைவாக இருந்த போராளிகளுக்குப் புகலிடம் தேடித் தருவதிலும் செய்திகளைக் கொண்டு சேர்ப்பதிலும் மாணவராகிய காஷாபா துணைநின்றார். விடுதலை பெற்ற நாட்டின் கொடி உலக அரங்கில் உயர வேண்டும் என்னும் வேட்கை அந்நாள்களில் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

மண்ணும் விரிப்பும்

பள்ளிக் கல்விக்குப்பின் கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்தே 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்றார். பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராசர் ஏற்றார். காஷாபாவுக்கு அப்போது வயது 22.

இலண்டனில் அவர் எதிர்கொண்ட முதல் எதிரி மற்றொரு மல்லர் அல்லர். காலடியில் கிடந்த விரிப்பே ஆகும். மண்ணில் ஆடிப் பழகிய கால்களுக்கு விரிப்பின் மென்மை புதிது. மண் பாதத்தைப் பற்றிக்கொள்ளும்; விரிப்பு பற்றாது. மண்களத்தில் எதிராளியின் முதுகை நிலத்தில் பதிக்கும்வரை ஆட்டம் நீளும், பொறுமையுள்ளவர் வெல்வார். விரிப்பிலோ ஆட்டத்துக்குக் கால வரையறை உண்டு. நடுவர்கள் ஒவ்வோர் அசைவையும் மதிப்பிட்டுத் தீர்ப்பளிப்பார்கள். பன்னாட்டு விதிகளையும் காஷாபா அதற்குமுன் முறையாகக் கற்றதில்லை.

அமெரிக்கப் பயிற்றுநர் ரீசு கார்டுனர் அவருக்குக் குறுகிய காலம் பயிற்சி அளித்தார். அப்பயிற்சியோடு களமிறங்கியவர் மிகு குறை எடைப் பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். விரிப்பையே அறியாமல் சென்ற ஒருவர் உலகின் முதல் ஆறு பேருள் ஒருவராகத் திரும்பியது வியப்புக்குரியது. காஷாபாவுக்கோ அது மனநிறைவு அளிக்கவில்லை. ஊர் திரும்பியதும் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கான பயிற்சியைத் தொடங்கினார். சற்றே மேற்பட்ட 57 கிலோ எடைப் பிரிவுக்குத் தம்மை உயர்த்திக்கொண்டார்.

வீட்டை அடகு வைத்த முதல்வர்

1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி பின்லாந்து நாட்டின் தலைநகரான எல்சிங்கியில் நடைபெறவிருந்தது. அங்குச் செல்லும் முன்பே காஷாபா இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது.

முதல் தடை தேர்வில் எழுந்தது. சென்னையில் நடைபெற்ற தேசியப் போட்டியில் ஒரு புள்ளி குறைவாக அளித்துத் தம்மைத் தோற்கச் செய்தனர் என்று காஷாபா கருதினார். மனம் புழுங்கி அமர்ந்துவிடாமல், இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக விளங்கிய பாட்டியாலா மகாராசரிடம் முறையிட்டார். மறுபோட்டிக்கு ஏற்பாடாயிற்று. அதில் எதிராளியின் முதுகை விரிப்பில் பதித்துத் தம் தகுதியை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார்.

இரண்டாம் தடை பணம். தேர்வு பெற்ற வீரரே தம் பயணச் செலவைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலை அன்று இருந்தது. கோலேஷ்வர் மக்கள் தம்மால் இயன்றதைத் திரட்டினர். வீடு வீடாகச் சென்று சிறுதொகைகளைச் சேர்த்தனர். அப்போதும் பற்றாக்குறை தீரவில்லை. அந்நிலையில் இராசாராம் கல்லூரியின் முதல்வர் கர்தேகர் முன்வந்தார். தாம் வாழ்ந்த வீட்டை 7000 ரூபாய்க்கு அடகு வைத்து அத்தொகையை மாணவரிடம் கொடுத்தார். அன்று ஆசிரியர் ஒருவருக்கு 7000 ரூபாய் என்பது பல ஆண்டுகளின் உழைப்பு. மாணவர் வெல்வார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. தோற்றுத் திரும்பினால் வீடு மீளுமா என்பதும் தெரியாது. எனினும் மாணவரின் திறமைமீது அவர் கொண்ட நம்பிக்கை, குடியிருந்த வீட்டின்மீது கொண்ட பற்றைவிடப் பெரிதாக இருந்தது.

எல்சிங்கியில் உயர்ந்த பெயர்

எல்சிங்கியில் காஷாபா கனடா நாட்டின் வீரரையும் மெக்சிகோ நாட்டின் வீரரையும் அடுத்தடுத்து வென்றார். செருமானிய வீரரும் அவரிடம் தோற்றார். பின்னர் ஜப்பானைச் சேர்ந்த சோகாச்சி இசீயை எதிர்கொண்டார். நீண்ட நேரம் நிகழ்ந்த அந்தக் கடும் போராட்டத்தில் மிகச் சிறிய வேறுபாட்டில் தோற்றார். களைப்புத் தீருமுன்பே சோவியத்து ஒன்றியத்தின் இரசீது மம்மதுபெயோவுடன் பொருத அழைக்கப்பட்டார். இரு போட்டிகளுக்கிடையே அரைமணி நேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. அவ்விதியை எடுத்துரைத்து வாதாட இந்திய அலுவலர் எவரும் அவ்விடத்தில் இல்லை. ஓய்வின்றிக் களமிறங்கிய காஷாபா தோற்றார். இசீ தங்கத்தையும் மம்மதுபெயோவு வெள்ளியையும் பெற்றனர். வெண்கலம் காஷாபாவுக்குக் கிடைத்தது.

ஓய்வு கிடைத்திருந்தால் பதக்கத்தின் நிறம் மாறியிருக்குமோ என்னும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், பொது மக்களின் நன்கொடையாலும் ஆசிரியரின் அடகுப் பணத்தாலும் கடல் கடந்து சென்ற ஓர் உழவர் குடியின் மகன், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கத்தைப் பெற்றார் என்பது வரலாறு.

தெரிந்து தெளிவோம்

• அதே எல்சிங்கிப் போட்டியில் இந்திய வளைகோல் பந்தாட்ட அணி தொடர்ந்து ஐந்தாம் முறையாகத் தங்கம் வென்றது.

• ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு அடுத்த தனிநபர் பதக்கம் கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. 1996இல் அட்லாண்டாவில் டென்னிசு வீரர் லியாண்டர் பயசு வெண்கலம் வென்றார்.

• மற்போரில் அடுத்த பதக்கம் 56 ஆண்டுகளுக்குப் பின், 2008ஆம் ஆண்டு பெய்சிங் போட்டியில் சுசில்குமார் வழியாகக் கிடைத்தது.

நூற்றைம்பத்தொரு மாட்டுவண்டிகள்

பதக்கத்தோடு திரும்பிய மகனை வரவேற்க ஊர் திரண்டது. கராடு தொடர்வண்டி நிலையத்திலிருந்து கோலேஷ்வர்வரை 151 மாட்டுவண்டிகள் அணிவகுத்தன. கால்மணி நேரத்தில் கடக்கக்கூடிய தொலைவை அவ்வூர்வலம் கடக்கப் பல மணிநேரம் ஆயிற்று. வழிநெடுகிலும் மக்கள் மாலையோடு நின்றனர். அரசின் பெரிய வரவேற்பு எதுவும் நிகழவில்லை. மண்ணின் மக்கள் அந்தக் குறையைத் தீர்த்தனர்.

ஊர்வல ஆரவாரம் அடங்கியபின் காஷாபா மேற்கொண்ட செயலே அவர் பண்பைக் காட்டுகிறது. கோலாப்பூரில் மற்போர்ப் போட்டிகள் நடத்தி, அவற்றில் தாமும் பங்கேற்று, கிடைத்த பணத்தைக் கொண்டு முதல்வர் கர்தேகரின் வீட்டை அடகிலிருந்து மீட்டுக் கொடுத்தார். பதக்கம் அவருக்குப் பெருமை தந்தது. கடனைத் தீர்த்த பிறகே அப்பெருமை நிறைவு பெற்றதாக அவர் கருதியிருக்க வேண்டும்.

முழங்கால் சொன்ன மறுப்பு

1955ஆம் ஆண்டு காஷாபா காவல்துறையில் துணை ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். துறைசார் மற்போர்களில் தொடர்ந்து வென்றார். அடுத்த ஆண்டு மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் நடைபெறவிருந்தது. இலண்டனில் ஆறாம் இடம், எல்சிங்கியில் மூன்றாம் இடம் என ஏறிய படிகளின் அடுத்த படி தங்கமாக இருக்கலாம் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவருக்கு வயது 30. அனுபவமும் வலிமையும் ஒன்றுசேரும் பருவம் அது. அப்போது முழங்காலில் ஏற்பட்ட காயம் அவரைத் தடுத்தது. மெல்போர்ன் கனவு கலைந்தது.

முழங்கால் மனித உடலின் மிகப் பெரிய மூட்டு. தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தை முன்புறம் சில்லு காக்கிறது. எலும்புகளை உறுதியான நாண்கள் பிணைக்கின்றன. அவற்றுக்கிடையே பிறை வடிவக் குருத்தெலும்புகள் மெத்தைபோல் அமைந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பாதம் ஓரிடத்தில் ஊன்றியிருக்க உடல் மட்டும் விரைந்து திரும்பும்போது முழு விசையும் முழங்காலில் இறங்குகிறது. நாண் கிழிவதும் குருத்தெலும்பு சிதைவதும் அவ்வேளையில்தான். மற்போர் வீரர் தாழ்ந்து நின்று, எதிராளியின் எடையையும் சுமந்தவாறே உடலைத் திருப்புகிறார். கூடைப்பந்து வீரர் உயரத் தாவி ஒற்றைக் காலில் இறங்குகிறார். கபடி வீரர் பிடியிலிருந்து விடுபடக் காலை முறுக்கி இழுக்கிறார். ஆட்டங்கள் வேறு, முழங்கால் அடையும் துன்பம் ஒன்றே.

சிறு துளையிட்டு மூட்டுக்குள் கருவியைச் செலுத்திச் சீர்செய்யும் அறுவை முறை இன்று மாவட்டத் தலைநகரங்கள்வரை வந்துவிட்டது. கிழிந்த நாணுக்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநாரை எடுத்துப் பொருத்துகிறார்கள். அதன்பின் பல மாதங்கள் இயன்முறைப் பயிற்சி பெற்று வீரர்கள் மீண்டும் களம் காண்கிறார்கள். 1956இல் நம் நாட்டு வீரருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. உள்ளே என்ன சிதைந்துள்ளது என்பதைப் படம்பிடித்துக் காட்டும் காந்த அதிர்வுக் கருவியும் அந்நாளில் கிடையாது. வீரர்களுக்கெனத் தனி மருத்துவரோ, காப்பீடோ, காயமுற்ற காலத்துக்கான உதவித்தொகையோ இல்லை. காயம்பட்டவர் ஓய்வெடுப்பார், வலி குறைந்தால் ஆடுவார், குறையாவிடில் ஒதுங்குவார்.

பல வீரர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். சிலர் கசப்பில் மூழ்குவர். சிலர் பழைய புகழை மட்டும் பேசிக் காலம் கழிப்பர். காஷாபா அவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. காக்கிச் சீருடை அணிந்து நாள்தோறும் பணிக்குச் சென்றார். விளையாட்டுப் பயிற்றுநர் பொறுப்பையும் ஏற்றுத் தாம் கற்றதை இளைஞர்களுக்குக் கற்பித்தார். தம் காலால் ஏற முடியாத படியில் மற்றவரை ஏற்றிவிட முயன்றார்.

சீருடைக்குள் ஒரு வெற்றியாளர்

காவல்துறையில் அவர் ஏறத்தாழ 27 ஆண்டுகள் பணியாற்றி உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். பதவி உயர்வு எளிதில் வரவில்லை. பல ஆண்டுகள் ஒரே நிலையில் இருந்தார். ஓய்வுக்குப் பின்னும் உரிய ஓய்வூதியத்துக்காக அலைய நேர்ந்தது. விடுதலை பெற்ற நாட்டுக்கு முதல் தனிநபர் பதக்கம் தந்தவர் அரசு அலுவலகங்களின் வாயிலில் காத்திருந்த காலமும் உண்டு.

1982ஆம் ஆண்டு புதுதில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது, சுடரேந்திச் செல்லும் ஓட்டத்தில் அவரும் இடம்பெற்றார். எல்சிங்கிக்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து நாடு அவரை நினைவுகூர்ந்த தருணங்களுள் அதுவும் ஒன்று. அதன்பின் இரண்டே ஆண்டுகளில், 1984ஆம் ஆண்டு ஆகத்து 14ஆம் நாள், சாலை நேர்ச்சி ஒன்றில் காஷாபா உயிரிழந்தார். விடுதலை நாளுக்கு முந்தைய நாள் அது. எந்த விடுதலைக்காக மாணவப் பருவத்தில் உழைத்தாரோ, எந்தக் கொடிக்காக மற்போர் செய்தாரோ அந்தக் கொடி மறுநாள் நாடெங்கும் ஏற்றப்பெற்றது.

காலம் கடந்து வந்த மாலைகள்

வாழ்ந்த காலத்தில் பத்ம விருது எதுவும் காஷாபாவுக்கு வழங்கப்படவில்லை. மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே மகாராட்டிர அரசு சிவ சத்திரபதி விருதையும் நடுவணரசு அருச்சுனா விருதையும் அவருக்கு அளித்தன. 2010ஆம் ஆண்டு தில்லியில் பொதுநலவாய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது, அங்குள்ள மற்போர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 2023ஆம் ஆண்டு அவருடைய 97ஆவது பிறந்தநாளில் கூகுள் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் அவர் உருவத்தை வரைந்து சிறப்பித்தது. அன்றுதான் அவர் பெயரை முதன்முறையாக அறிந்த இந்தியர் பலர்.

நடுகல் மாண்டவர்க்கு எடுப்பது. அதன் முன் படைக்கும் உணவை வீரன் உண்ண முடியாது. சூட்டும் மாலையின் மணத்தை அவன் நுகர முடியாது. அக்கல்லால் பயன்பெறுபவர் அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளே. காஷாபாவுக்கு வந்த விருதுகளும் அத்தகையவை. அவற்றால் அவர் முழங்கால் வலி தீராது. ஓய்வூதியத்துக்கு அலைந்த நாள்களும் திரும்பா. ஆனால், இனிவரும் ஒரு வீரர் அந்த வலியைத் தனியே சுமக்கக்கூடாது என்பதை அவை நாட்டுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

மண்களம் காத்திருக்கிறது

பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்காலோடு செம்மண்ணில் கபடி ஆடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் நாளை விரிப்பில் ஏறலாம். வேறொருவர் கூடைப்பந்துக் களத்தில் நிற்கலாம். மண்ணிலிருந்து விரிப்புக்குச் செல்லும் வழி காஷாபாவின் காலத்தைவிட இன்று எளிதாகியுள்ளது. ஆயினும் அவ்வழியில் துணைநிற்கும் கர்தேகர்கள் வேண்டும். ஆடுமுன் உடலைச் சூடேற்றிக்கொள்ளவும், வலியை மறைக்காமல் சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்கள் வேண்டும். வீழ்ந்தபோது கைகொடுக்கும் ஊர் வேண்டும்.

வென்றவரை 151 மாட்டுவண்டிகளோடு அழைத்து வந்தது கோலேஷ்வர். காயம்பட்டு அமர்ந்தவரின் வீட்டு வாயிலுக்கு ஒரே ஒரு வண்டி சென்று நிற்பது அதனினும் பெரிய சிறப்பாகும். காஷாபா ஜாதவின் வாழ்க்கை விளையாட்டு வீரர்க்குச் சொல்லும் பாடம் உழைப்பு. அவர்களைக் கொண்டாடும் நமக்குச் சொல்லும் பாடம் நன்றி.